மேடும் பள்ளமும் உள்ள பாதையில் ஒரு மூவகைப் போட்டி: தெரிவு செய்வதும் தயாராவதும்



நீச்சல், துவிச்சக்கரவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்யும் போட்டியை ட்ரையத்லன் என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை மூவகைப் போட்டி என்றே அழைப்போம். 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பேர்கனைச் சேர்ந்த கிறிஸ்தியான் புளும்மன்ஃபெல்த் தங்கம் வென்றதும் நோர்வே முழுவதும் இந்தச் சொல் பரவியது. அதற்குப் பின்னர் எமது பிள்ளைகளும், நாற்பதைத் தாண்டிய சில தாய் தந்தையரும், "நாங்களும் ஒன்று செய்து பார்க்கலாமா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இம்முறை இந்தப் பாடம்.

இது எமக்கு ஏன் தேவை?

விளையாட்டு ஆசைக்கு அப்பாலும் இதில் ஒரு விடயம் உண்டு. 2000ஆம் ஆண்டிலும் 2002ஆம் ஆண்டிலும் ஒஸ்லோவில் நடத்தப்பட்ட பெரிய சுகாதார ஆய்வுகளில் இலங்கையிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்களிடையே நீரிழிவு நோய், நோர்வேயில் பிறந்தவர்களைவிடத் தெளிவாகவே அதிகமாகக் காணப்பட்டது. எமது உடல்வாகில் வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, பார்வைக்குப் பருமன் இல்லாதவர்களையும் நோய்க்கு உள்ளாக்குகிறது. "நான் மெலிவுதானே" என்று சொல்லித் தப்ப முடியாது.

எமக்குப் பக்கத்திலேயே நல்ல ஓர் உதாரணமும் உண்டு. ரொம்மனுக்கு அடுத்த தரிப்பிடமான ரொம்சொஸில் 2000 முதல் 2003 வரை, மக்களை நடக்கவும் அசையவும் வைக்கும் ஒரு திட்டம் நடந்தது. நடைபாதைகளுக்கு அடையாளமிட்டார்கள், வெளிச்சம் போட்டார்கள், குளிர்காலத்தில் வழுக்காமல் பாதையில் சரளை தூவினார்கள், நடைக்குழுக்கள் அமைத்தார்கள். ஒப்பிடுவதற்கு ஃபூறுசெத் பகுதி எடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளின் பின் ரொம்சொஸ் மக்கள் கூடுதலாக அசைந்தார்கள். அவர்களுடைய எடை ஃபூறுசெத்தில் ஏறிய அளவுக்கு ஏறவில்லை. எமது சுற்றாடலிலேயே, எம்மைப் போன்ற குடும்பங்களிடையே இது நடந்திருக்கிறது.

நோர்வேயின் சுகாதார இயக்குநரகம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது, வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலசைவு அல்லது அதன் பாதியளவு கடுமையான உடலசைவு. நாட்காட்டியில் ஒரு போட்டித் திகதி குறித்து வைத்திருப்பவருக்கு இந்த நிமிடங்கள் தாமாகவே நிறைந்துவிடும். போட்டியின் பெரிய பயன் பதக்கத்தில் இல்லை. அதற்கு முந்திய நாலு மாதங்களில்தான் இருக்கிறது.

எந்தத் தூரம்?

நோர்வேயில் மூவகைப் போட்டி என்றதும் பலருக்கு 2003இல் ஆரம்பித்த நோர்ஸ்மன்தான் நினைவுக்கு வரும். படகிலிருந்து ஹார்டாங்கர் கடல்நீரேரிக்குள் குதித்து, 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, 42.2 கிலோமீற்றர் ஓடி, 1883 மீற்றர் உயரமான கௌஸ்தாதொப்பன் மலையின் உச்சிப் பகுதியில் முடிக்கும் போட்டி அது. அதைப் பார்த்து நாம் பயப்படத் தேவையில்லை. நாம் பேசுவது குறுந்தூரப் போட்டி: 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம். சாதாரண உடற்தகுதி உள்ள ஒருவர் ஒன்றேகால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இதை முடிக்கலாம். பாதை மேடென்றால் இன்னும் சிறிது நேரம் கூடும்.

மேடான பாதையைத் தெரிவு செய்யலாமா?

ரொம்மன், ஸ்தொவ்னர், குறூறுட் பக்கம் வாழ்பவர்களுக்குச் சமதரை என்பதே அரிது. கடைக்குப் போய்ப் பையோடு திரும்புவதும் ஏற்றம்தான். ஆகவே மேடு எமக்குப் புதிதல்ல. மேடான பாதையில் சைக்கிளின் வேகம் குறைவதால், விலை கூடிய காற்றுவெட்டுச் சைக்கிள் வைத்திருப்பவருக்கும் சாதாரண சைக்கிள் வைத்திருப்பவருக்கும் இடையிலான வித்தியாசமும் குறைகிறது. ஆனால் ஏறியது இறங்கியே ஆகவேண்டும். இறக்கத்தில் சைக்கிளைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்கள் முதற் போட்டிக்கு மேட்டுப் பாதையை எடுக்கவேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

நோர்வே ட்ரையத்லன் சம்மேளனத்தின் போட்டி நாட்காட்டியில் அந்த ஆண்டுக்கான போட்டிகள் வெளியாகும். கழகத்தில் சேராதவர்கள் ஒருநாள் அனுமதி எடுத்துப் பங்குபற்றலாம். பணம் கட்டும் முன் இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. தண்ணீர் எது? ஏரியா, கடலா? எந்த மாதம்? யூன் ஆரம்பத்துத் தண்ணீருக்கும் ஆகஸ்ட் தண்ணீருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதற்தடவை என்றால் ஆகஸ்ட்டைத் தெரிவு செய்யுங்கள்.

2. மொத்த ஏற்றம் எத்தனை மீற்றர்? 20 கிலோமீற்றரில் 100 மீற்றர் என்றால் இலகு. 200 மீற்றர் என்றால் கால் உணரும். 300 மீற்றருக்கு மேலென்றால் அது மேட்டுப் போட்டிதான்.

3. அந்த ஏற்றம் எப்படிப் பரந்திருக்கிறது? 200 மீற்றரும் ஒரே மலையா, பத்துச் சிறு திட்டிகளா? மிகச் செங்குத்தான இடம் எத்தனை வீதம்? மொத்தத் தொகையைவிட இதுவே முக்கியம்.

4. இறக்கம் எப்படி? நேராக இறங்கி வளைவில் முடிகிறதா? பாதை வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கிறதா?

5. நேர எல்லை உண்டா? நீச்சலை அல்லது சைக்கிளைக் குறித்த நேரத்துக்குள் முடிக்காவிட்டால் நிறுத்துவார்களா?

ஏற்றத்தின் கணக்கு

சிறு கணக்கு ஒன்று செய்து பார்ப்போம். சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். 100 மீற்றர் உயரம் ஏறப் புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் சுமார் 78 கிலோயூல் சக்தி வேண்டும். நடுத்தரப் பயிற்சியுள்ள ஒருவர் நீண்ட நேரம் கொடுக்கக்கூடிய வலு 150 வாற் எனக் கொண்டால், இந்த 100 மீற்றருக்கே கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் போகும். 5 வீத ஏற்றத்தில் அவருடைய வேகம் மணிக்கு 12 கிலோமீற்றர் அளவில் இருக்கும். 8 வீதத்தில் அது 8 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும்.

இதிலிருந்து இரண்டு பாடம். முதலாவது, பல்லுச்சக்கரம். 8 வீத ஏற்றத்தில் நிமிடத்துக்கு 70 தடவையாவது மிதிக்கவேண்டுமென்றால் முன்சக்கரம் 34 பல்லும் பின்சக்கரத்தின் மிகப் பெரியது 32 அல்லது 34 பல்லும் இருந்தாலும் போதாமல் வரும். பின்னால் 25 பல்லோடு போனால் நிமிடத்துக்கு 50க்கும் குறைவாகவே மிதிக்கலாம், முழங்கால் நோகும். சைக்கிள் திருத்துபவரிடம் பெரிய பின்பல்லுப் போட முடியுமா என்று கேளுங்கள். புதுச் சைக்கிள் வாங்குவதைவிட இது மலிவு.

இரண்டாவது, வேகத்தை எங்கே செலவிடுவது. ஏற்றத்தில் ஆவேசப்பட்டு 250 வாற் மிதித்தால் ஒரு நிமிடம் மிச்சமாகலாம். ஆனால் அந்தக் கடனை ஓட்டத்தில் வட்டியோடு கட்டவேண்டும். ஏறும்போது ஒரு சிறு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியாவிட்டால் பல்லை இலகுவாக்குங்கள். மேட்டின் உச்சியில் ஓய்ந்துவிடாமல் இன்னும் இருபது மிதி மிதித்து வேகம் எடுத்த பின் ஆறுங்கள்.

இறக்கத்தில் மணிக்கு 25 கிலோமீற்றரிலிருந்து 50க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. ஆகவே வளைவுக்கு முன்னர் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். வளைவுக்குள் பிடிக்கவேண்டாம். வெளிப்பக்கத்து மிதி கீழே இருக்கட்டும். பார்வை முன்சில்லில் அல்ல, போகவேண்டிய இடத்தில்.

தண்ணீர்: இங்கேதான் உயிர் விடயம்

சைக்கிளில் களைத்தால் இறங்கி நிற்கலாம். ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம். தண்ணீரில் அப்படியில்லை. ஊரில் கேணியிலும் கடலிலும் நீந்திய துணிவு இங்கே ஏமாற்றிவிடும்.

எமது சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஒரு யூன் மாத மாலையில் எம்மில் சிலர் குறூறுட்டுக்கு மேலே லில்லோமார்க்காவில் உள்ள ஸ்ரைன்புறூவன் ஏரிக்குப் போனோம். எம்மோடு வந்த அண்ணர் ஒருவர் வடமராட்சிக் கடலில் வளர்ந்தவர், எம் எல்லோரிலும் நல்ல நீச்சல்காரர். கரையில் நின்று யோசிக்காமல் குதித்தார். பத்தாவது வீச்சில் நின்றுவிட்டார். வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருவர் இருந்ததால் மல்லாக்கத் திருப்பிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தோம். "நெஞ்சை ஆரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருந்துது தம்பி, நீந்தத் தெரியும் எண்டதே மறந்துபோச்சு" என்றார். அன்று அவர் தனியாகப் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் எம்மை விடுவதில்லை.

அவருக்கு நடந்தது குளிர் அதிர்ச்சி. குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடல் தானாகவே மூச்சை இழுக்கும், பின் வேகமாக மூச்சு வாங்கும், இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில்தான் இது உச்சம். அந்த நேரத்தில் நீந்த முயலாமல், மல்லாந்து மிதந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டுக் காத்திருந்தால் அடங்கிவிடும். இதயநோய் உள்ளவர்களுக்கு இந்த முதல் நிமிடங்களே ஆபத்தானவை.

வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தனை நாம் மறக்கமாட்டோம். 1971இல் பாக்குநீரிணையை இரு திசையிலும் நீந்திக் கடந்த பெருவீரர் அவர். 1984 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். அவரைப் போன்ற ஒருவருக்கே அந்தக் கடல் இடம் கொடுக்கவில்லை என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

ஆகவே சில கட்டாய விதிகள்:

- திறந்த நீரில் ஒருபோதும் தனியாக நீந்தவேண்டாம். கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.
- பிரகாசமான நிறத் தொப்பியும், இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவையும் அணியுங்கள்.
- குதிக்கவேண்டாம். நடந்து இறங்கி, முகத்தையும் கழுத்தையும் நனைத்து, மூச்சு சீரான பின்னரே நீந்துங்கள்.
- கரையோரமாக, கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள்.
- நடுக்கம் தொடங்கினால் உடனே வெளியேறி உலர்ந்த உடுப்பு மாற்றுங்கள்.
- மாரிடால்ஸ்வானெத் ஒஸ்லோவின் குடிநீர் ஏரி, அங்கே குளிப்பது தடை. ஸ்ரைன்புறூவன், சொங்ஸ்வான் ஆகியவை நீந்தக்கூடியவை.
- அவசரத்துக்கு 113 என்ற இலக்கத்தை எல்லோரும் மனதில் வைத்திருங்கள்.

நீச்சல் இறப்பர் உடை குளிரைத் தாங்கவும் மிதக்கவும் உதவும். சர்வதேச விதியின்படி, பொதுப் பிரிவினருக்கு இந்தத் தூரத்தில் தண்ணீர் 15.9 பாகைக்குக் கீழே இருந்தால் உடை கட்டாயம், 22 பாகைக்கு மேலே இருந்தால் தடை. முதலில் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துப் பாருங்கள். போட்டியன்று முதன்முதலாக அணியவேண்டாம். கழுத்தில் இறுக்குவதே சிலருக்குப் பீதியைத் தரும். உடல் முழுவதையும் மூடும் உடை என்பதால் எமது பெண்கள் பலர் தயக்கமின்றித் தண்ணீரில் இறங்குகிறார்கள் என்பதும் ஒரு நன்மை.

நீந்தவே தெரியாதவர்கள் இந்த ஆண்டு போட்டியை நினைக்காமல், வளர்ந்தோருக்கான நீச்சல் வகுப்பில் சேருங்கள். அது வெட்கப்படும் விடயமல்ல. எமது தாய்மாரில் பலருக்கு ஊரில் நீந்தப் பழக வாய்ப்பே இருக்கவில்லை. எமக்கு அருகில் ஸ்தொவ்னர் நீச்சல் மண்டபம் இருக்கிறது. சில மண்டபங்களில் பெண்களுக்கு மட்டுமான நேரங்களும் ஒதுக்கப்படுவதுண்டு, விசாரித்துப் பாருங்கள்.

வைத்தியரிடம் முதலில்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் தமது குடும்ப வைத்தியரிடம் பேசிய பின்னரே கடுமையான பயிற்சியைத் தொடங்கவேண்டும். இன்சுலின் அல்லது சீனியை வலுவாகக் குறைக்கும் குளிகை எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும், அன்றிரவும் கூடச் சீனி இறங்கலாம். அளவை வைத்தியர்தான் மாற்றவேண்டும், நாமாக மாற்றக்கூடாது. பையில் குளுக்கோஸ் வில்லை எப்போதும் இருக்கட்டும். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் நோ, மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். "காஸ்தானே" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், 113ஐ அழையுங்கள்.

பதினாறு வாரத் திட்டம்

200 மீற்றர் நீந்தவும், 3 கிலோமீற்றர் மெதுவாக ஓடவும் முடிந்தவருக்கு இது பொருந்தும். ஆகஸ்ட் நடுப்பகுதியில் போட்டி என்றால் ஏப்ரல் இறுதியில் தொடங்கவேண்டும்.

1 – 4ஆம் வாரம், அத்திவாரம்: வாரத்தில் இரண்டு நீச்சல், ஒவ்வொன்றும் 30 நிமிடம். ஒரு சைக்கிள், 45 நிமிடம். இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் 25 நிமிடம். கூட்டினால் 155 நிமிடம். எல்லாம் பேசக்கூடிய வேகத்தில்.

5 – 8ஆம் வாரம், மேட்டுக்கு அறிமுகம்: நிமிடங்கள் அப்படியே இருக்க, சைக்கிளில் மூன்று நிமிட ஏற்றம் நாலு தடவை. ஓட்டத்தில் ஒரு நிமிட ஏற்றம் நாலு தடவை, இறங்கும்போது நடந்து வாருங்கள். ரொம்மனிலிருந்து ரொம்சொஸ் பக்கமோ ஸ்தொவ்னர் பக்கமோ போனால் ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. மண்டபத்தில் நிற்காமல் 500 மீற்றர் நீந்தப் பழகுங்கள்.

9 – 12ஆம் வாரம், இணைத்துப் பார்த்தல்: வாரத்தில் ஒரு தடவை ஒரு மணி நேரம் சைக்கிள் ஓடி, இறங்கிய உடனே 10 நிமிடம் ஓடுங்கள். முதற்தடவை கால் மரக்கட்டை போல இருக்கும். மூன்றாம் தடவை பழகிவிடும். இது யூன் பிற்பகுதி, யூலை. ஆகவே ஒரு நீச்சலை ஏரிக்கு மாற்றுங்கள், துணையோடு. ஏரியில் கீழே கோடு இல்லை. ஆறேழு வீச்சுக்கு ஒருதடவை தலையை உயர்த்தித் திசை பாருங்கள்.

13 – 15ஆம் வாரம், ஒத்திகை: ஒரு நாளாவது போட்டிப் பாதையிலோ அதைப் போன்ற மேட்டிலோ 20 கிலோமீற்றர் ஓடுங்கள். ஏரியில் 750 மீற்றரை ஒருதடவை முடியுங்கள். உடுப்பு மாற்றுவதையும் வீட்டு முற்றத்தில் பழகுங்கள்.

16ஆம் வாரம், ஓய்வு: பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். தவறவிட்டதை இந்த வாரத்தில் பிடிக்க முயலவேண்டாம்.

யூலை விடுமுறைக்குக் கனடாவுக்கோ தாயகத்துக்கோ போகிறவர்கள் ஓட்டச் சப்பாத்தைப் பெட்டியில் வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் அரை மணி நேரம் ஓடினாலே பெருமளவு காப்பாற்றலாம்.

சாப்பாடு

முதல் நாள் இரவு சோறு, பருப்பு, அவித்த மரக்கறி போதும். எண்ணெயும் தூளும் கூடிய இறைச்சிக்கறியைப் போட்டி முடிந்த பின் வைத்துக்கொள்ளுங்கள். காலையில், தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு இடியப்பமோ பாணோ சிறிதளவு, பிறகு ஒரு வாழைப்பழம். புட்டும் தேங்காய்ப்பூவும் சிலருக்கு வயிற்றில் கனக்கும், பயிற்சி நாளில் சோதித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குட்பட்ட போட்டிக்கு ஒரு போத்தல் தண்ணீரும் சிறிது இனிப்பும் போதும்.

போட்டி நாளில்

நீச்சலில் பின்வரிசையின் ஓரத்தில் நில்லுங்கள், கையும் காலும் முகத்தில் படாது. பயம் வந்தால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள், காவற்படகு வரும். சைக்கிளைத் தொடும் முன் தலைக்கவசத்தைப் பூட்டவேண்டும், மாற்றும் இடத்துக்குள் சைக்கிள் ஓடக்கூடாது. பொதுப் பிரிவில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிப்போவது வழமையாகத் தடை, இடைவெளியைப் போட்டி விதிகளில் பாருங்கள். ஓட்டத்தில் மேடு வந்தால் அடியைச் சிறிதாக்குங்கள். நடந்தாலும் குற்றமில்லை. வேகமாக நடப்பவர், தள்ளாடி ஓடுபவரை உச்சியில் பிடித்துவிடுவார்.

நோர்வேயின் மலையொழுக்க விதிகளில் ஒன்றை எமது பிள்ளைகள் பாடசாலையிலேயே படிக்கிறார்கள்: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை. அன்று தண்ணீர் மிகக் குளிராக இருந்தால், நெஞ்சு சரியில்லை என்றால், இரவு காய்ச்சல் இருந்திருந்தால், இலக்கத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள். போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

நாம் சொன்ன அந்த அண்ணர் அந்தக் கோடை முழுவதும் மண்டபத்திலும், பின் எம்மோடு ஏரியிலும் பயிற்சி செய்தார். ஒவ்வொரு தடவையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைக் கழுவி, மூச்சை எண்ணிய பின்னரே நீந்தினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தன் மகளோடு போட்டியில் நின்றார். மகள் அவரை மேட்டில் முந்திப் போய்விட்டாள். கடைசிக்குச் சற்று முன்னாக வந்த அவர் எம்மைப் பார்த்துக் கேட்டது, "மூத்தவனையும் வரச் சொல்லட்டோ?" என்பதுதான்.

நீங்களும் இன்று மாலை தொடங்கலாம். முதற்படியாக ரொம்மனிலிருந்து மேலே ஒரு நடை போய் வாருங்கள். துணைக்கு வீட்டில் ஒருவரையும் அழையுங்கள்.